பொதுமுகம்

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் தேவராஜுக்கு மகளின் படங்களை நகல் எடுக்கும் நேரம். குளித்து, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு, ஹாலின் மூலையில் இருந்த கம்ப்யூட்டரின் முன்னால் உட்காருவார். பீரோவிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் செருகுவார். வேலை முடியும்வரை ஒரு மணி நேரம் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டார். "கோயிலுக்குக்கூட இவரு இத்தனை ஒழுங்காப் போனதில்ல" என்பாள் மனைவி சுகந்தி.

மிருதுளா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு ஆவணி மாதக் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினாள். கீழ்பவானி வாய்க்கால் கரையில் ஸ்கூட்டரும் செருப்பும் போனும் மட்டும் கிடைத்தன. வாய்க்காலில் அன்றைக்கு முழுத் தண்ணீர். பத்து நாள் தேடியும் உடல் அகப்படவில்லை. போலீஸார் கோப்பை மூடினார்கள். உறவுக்காரர்கள், காரியம் செய்துவிடலாம் என்றார்கள். சுகந்தி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். "பாக்காத பொணத்துக்கு நான் மாலை போடமாட்டேன்."

சுகந்தியின் பிடிவாதம் அவளைத் தாங்கியது. தேவராஜுக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் படங்களைச் சேர்க்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத் தோழிகள், ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள், கல்யாணத்துக்குப் படமெடுத்தவர், கல்லூரி ஆண்டுவிழாவில் போன் வைத்திருந்தவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டு வாங்கினார். மிருதுளாவின் முகம் ஒரு ஓரத்திலாவது தெரிகிற படங்கள் மொத்தம் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. காகிதத்தில் ஒரு படமும் இல்லை; கல்யாண ஆல்பம்கூடக் கோப்பாகத்தான் வந்திருந்தது. ஆண்டுவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேதியும் இடமும் எழுதினார். ஒரே நகல் வைத்திருப்பது நகலே இல்லாததற்குச் சமம் என்று கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் ஒருமுறை சொன்னது அவர் மனதில் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது. ஆகவே வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று, பீரோவில் ஒன்று, நெட்டில் ஒன்று. வீடே தீப்பற்றி எரிந்தாலும் இருக்கட்டும் என்று, கட்டைவிரல் அளவுள்ள பென் டிரைவில் இன்னொன்று. அதை அவர் வேலை பார்க்கும் சாயப்பட்டறை லேபின் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்தார்.

தேவராஜ் திருப்பூரில் முப்பது வருடமாக ஷேடு பார்க்கிறவர். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் துணித்துண்டின் நிறத்தை அப்படியே கொண்டுவர வேண்டும். ஒரு சாயல் கூடினாலும் குறைந்தாலும் மொத்தத் துணியும் திரும்பி வந்துவிடும். நிறம் அளக்கும் மிஷின் சரி என்று சொன்ன பிறகும், "தேவராஜண்ணன் பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பட்டறையில் அடுத்த வேலையைத் தொடங்குவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் வழக்கமாகச் சொல்லும் 'புதிய கோப்புகள் இல்லை' என்பதைச் சொல்லவில்லை. 'ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு கோப்புகள் புதுப்பிக்கப்பட்டன' என்றது.

அவர் முதல் படத்தைத் திறந்தார். மூன்று வயது மிருதுளா, வாளித் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கும் படம். வாளி இருந்தது. கை கால் இருந்தன. கழுத்துக்கு மேலே வேறு ஏதோ ஒரு குழந்தையின் முகம். பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் யாருடைய குழந்தையும் இல்லை. பள்ளிக்கூடப் படத்தைத் திறந்தார். கல்யாணப் படத்தைத் திறந்தார். வயது மட்டும் ஏறியதே தவிர எல்லாவற்றிலும் அதே முகம். சண்டையும் சிரிப்பும் தெரியாத முகம். வெயிலில் எடுத்த படத்திலும் குழல்விளக்கில் எடுத்த படத்திலும் கன்னத்தில் ஒரே நிறம். எந்தத் தோலும் எந்தத் துணியும் இரண்டு வெளிச்சத்தில் ஒரே நிறமாக இருக்காது என்பது அவர் தொழில்.

"சுகந்தி! இங்க வா."

சுகந்தி மாவுக் கையோடு வந்தாள். ஒரு படம் பார்த்தாள். இரண்டாவதைப் பார்க்கவில்லை.

"யாருங்க இது?"

"தெரியல. எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்குது. ஹார்ட் டிஸ்க்லயும் மாத்திப்போட்டுச்சு."

"எம்பொண்ணு எங்க?" என்று அவள் கேட்டாள். தரையில் உட்கார்ந்து, மாவுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு வருடமாக அழாத அழுகையை அழுதாள். தேவராஜ் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினார். பிடுங்கி என்ன பயன்? எல்லாம் முடிந்திருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை தர்ஷன் போன் செய்தான்.

மிருதுளா போன பிறகு உறவு அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டவன் தர்ஷன்தான். மாதம் ஒருமுறை ஈரோட்டிலிருந்து வருவான். அத்தை கையால் சாப்பிடுவான். மாமாவோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் பார்ப்பான். சில படங்களைத் தன் போனுக்கு அனுப்பிக்கொள்வான். அவள் போய் ஒரு வருடம் ஆன நாளில் தேவராஜின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதான். இப்படிப்பட்டவனோடு வாழக் கொடுத்து வைக்கவில்லையே என்று தேவராஜ் மகளை நினைத்து வருத்தப்பட்டதுண்டு.

"மாமா, மிருதுளா போட்டோ எல்லாம் உங்ககிட்ட சரியா இருக்குதுங்களா?"

"இல்லீங்க மாப்ள. எல்லாம் போச்சு. உங்களுக்குமா?"

"எனக்கும்தான். வேற நகல் எதாவது வெச்சிருக்கறீங்களா? நெட்ல சேராதது?"

"லேப்ல ஒரு பென் டிரைவ் இருக்குதுங்க."

மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "மாமா, அதை எதுலயும் சொருகாதீங்க. தொடவே வேண்டாம். நான் ஓசூர்ல இருக்கறேன். நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன். எல்லாத்தையும் நான் மீட்டுத் தர்றேன்."

தங்கமான பையன் என்று நினைத்துக்கொண்டார் தேவராஜ்.

மறுநாள் காலையில் பட்டறைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சுகந்தியையும் கூட்டிக்கொண்டு முகவுரிமைப் பதிவகத்துக்குப் போனார். கம்ப்யூட்டரில் வந்திருந்த அறிவிப்பின் அடியில் அந்த அலுவலகத்தின் பெயர் இருந்தது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம், ஒரு மாடிக் கட்டடத்தில் இரண்டு அறை. மேஜைக்குப் பின்னால் ஷாஹிதா என்று பெயர்ப்பலகை வைத்திருந்த பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். தேவராஜ் நேற்று நடந்ததைச் சொல்லி, கோளாறு எப்போது சரியாகும் என்று கேட்டார்.

"இது கோளாறு இல்லீங்க சார். முகத்தைத் திரும்ப எடுத்திருக்காங்க."

"அப்படின்னா?"

"ஒருத்தரோட முகம் அவங்களுக்குத்தான் சொந்தம்னு சட்டம் வந்திருக்குதுங்களே. அவங்க எழுதிக் குடுத்து, நீதிபதி ஒத்துக்கிட்டா, நெட்டோட சேர்ந்த எந்த மிஷின்லயும் அந்த முகம் இருக்காது. யாரு எடுத்த படமா இருந்தாலும் சரி. அந்த இடத்துல பொதுமுகம்னு ஒண்ணு வந்து உக்காந்துக்கும்."

பேப்பரில் படித்த ஞாபகம் தேவராஜுக்கு இருந்தது. சினிமாக்காரர்களுக்கான சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பியிருந்தார்.

"அதெல்லாம் உசுரோட இருக்கறவங்களுக்குங்க. எம்பொண்ணு செத்து ரெண்டு வருசமாச்சு. செத்தவ முகத்தை எதுக்கு எடுக்கறீங்க? யாரு எடுக்கச் சொன்னா?"

ஷாஹிதா அறிவிப்பின் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். திரையைப் படித்தாள். பிறகு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொண்ணு இறந்துட்டாங்கன்னு சர்ட்டிபிகேட் வாங்கிட்டீங்களா?"

"இல்லீங்க. உடம்பு கெடைக்கல. ஏழு வருசம் ஆகோணும்னாங்க."

"சார்…" அவள் சொற்களைப் பொறுக்கி எடுத்துப் பேசுவது தெரிந்தது. "சட்டத்துல இருக்கறதை மட்டும் சொல்றேன், கேட்டுக்குங்க. இறந்தவங்களுக்கு இந்த உரிமை கிடையாது. அவங்களுக்காக வேற யாரும் கேக்கவும் முடியாது. பெத்தவங்க, புருசன், வாரிசு, யாரும் முடியாது. சம்பந்தப்பட்டவங்களே நேர்ல வரணும். கண்ணைக் காட்டணும். விரல்ல ரத்தம் ஓடுதான்னு மிஷின் பாக்கும். அதுக்கப்புறம்தான் மனுவையே வாங்குவோம்."

தேவராஜுக்குப் புரியவில்லை. செத்தவளுக்கு உரிமை இல்லையென்றால் பிறகு ஏன் எடுத்தார்கள், அப்படியானால் இது தவறுதானே என்று அடுத்த கேள்விக்கு வாயெடுத்தார். சுகந்தி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"எப்ப வந்தா?" என்று அவள் ஷாஹிதாவைக் கேட்டாள்.

"யாருங்கம்மா?"

"நேர்ல வரணும்னு சொன்னியே கண்ணு. எப்ப வந்தா?"

ஷாஹிதா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "யாரு வந்தா, எந்த ஊர்ல வந்தான்னு என் வாயில வரக்கூடாதுங்கம்மா. வந்தா எனக்கு வேலை போறதோட நிக்காது. ஆனா உங்களுக்கு வந்த அறிவிப்பை உங்களுக்கே படிச்சுக் காட்டலாம். மனு ஏத்துக்கிட்ட நாள், போன வியாழக்கிழமை. பிரிவு ஏழு."

போன வியாழக்கிழமை. தேவராஜ் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். போன வியாழக்கிழமை அவர் ஒரு கிளிப்பச்சை ஷேடோடு நாள் முழுக்க மல்லாடிக்கொண்டிருந்தார். அதே வியாழக்கிழமை, ஏதோ ஒரு ஊரில், இப்படி ஒரு மேஜைக்கு முன்னால் மிருதுளா வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் விரலில் ரத்தம் ஓடியிருக்கிறது.

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஷாஹிதா ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பிரிவு ஏழுன்னா என்ன கண்ணு?" சுகந்தி விடவில்லை.

"பாதுகாப்புங்கம்மா. ஒருத்தர் தேடிக்கிட்டிருக்காங்க, அவங்க கண்டுபிடிச்சா உயிருக்கு ஆபத்துன்னு நிரூபிக்கணும். இப்பெல்லாம் ஒரு படம் போதுங்க. ஊர் ஊரா இருக்கற கேமராவுல எங்க நடந்து போனாலும் தேடிக் குடுத்துர்ற ஆளுங்க இருக்காங்க. முகத்தை எடுத்துட்டா அந்த ஆளுங்களுக்குக் காட்ட ஒரு படமும் கெடைக்காது. இந்தப் பிரிவு போன மாசந்தான் அமலுக்கு வந்துச்சு."

"மனுப் போட்டா உசுரோட இருக்கறது தேடறவனுக்கும் தெரிஞ்சு போயிருமே?"

"தெரிஞ்சுதாங்கம்மா போடறாங்க. ஒளிஞ்சுக்கிட்டே கெடக்கறதா, தெருவுல தலை நிமிந்து நடக்கறதான்னு யோசிச்சு, நடக்கறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வர்றாங்க."

"பெத்தவங்க வீட்டுப் படத்தை எதுக்குங்க எடுக்கோணும்?" என்றார் தேவராஜ்.

ஷாஹிதா தயங்கினாள். "தேடறவங்க மொதல்ல வர்றது பெத்தவங்க வீட்டுக்குத்தாங்க சார்."

இருவரும் படியிறங்கி வந்தார்கள். எதிரே ஒரு பேக்கரி. சுகந்தி நேராக உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு தேங்காய் பன்னும் டீயும் சொன்னாள். இரண்டு வருடமாக வீட்டில் விசேஷமென்று ஒரு பாயசம் வைத்ததில்லை. கல்யாண வீடுகளுக்குப் போனாலும் இலையில் இனிப்பை ஒதுக்கிவிடுவாள். இப்போது பன்னைப் பிட்டு, டீயில் நனைத்து, கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிய, கடைசித் துணுக்குவரை தின்றாள். இன்னொன்று கேட்டாள்.

"நாஞ் சொன்னனா இல்லையா?" என்றாள். "மாலை போடமாட்டேன்னு சொன்னனா இல்லையா?"

"சொன்னே."

"எங்கியோ இருக்கறா. சோறு தின்னுக்கிட்டு, தலை சீவிக்கிட்டு, எங்கியோ இருக்கறா." சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேவராஜும் சிரித்தார். நெஞ்சுக்கு மேலே யாரோ போட்டு வைத்திருந்த அம்மிக்கல்லைத் தூக்கி எடுத்த மாதிரி இருந்தது. எங்கே, எப்படி, யாரோடு என்ற கேள்விகளெல்லாம் பிறகு. இருக்கிறாள், அதுபோதும்.

டீ ஆறிய பிறகுதான் மற்றொன்று உள்ளே இறங்கியது. தேடுகிறவன் யார்?

இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து, ஆட்டோ பிடித்து, பட்டறைக்குப் போனார்கள். சாப்பாட்டு வேளை. லேபில் யாரும் இல்லை. நிறம் அளக்கும் மிஷினோடு சேர்ந்த கம்ப்யூட்டர் ஒன்று அங்கே இருந்தது. வாங்குகிறவர்களின் ஷேடு வெளியே கசியக்கூடாதென்று அதற்கு நெட் இணைப்பே கொடுத்ததில்லை. தேவராஜ் டிராயரைத் திறந்து பென் டிரைவை எடுத்து அதில் செருகினார்.

மிருதுளா வந்தாள். அவளுடைய சொந்த முகம். வாளியில் உட்கார்ந்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, பல்லில்லாமல் சிரித்தாள். சுகந்தி திரையைத் தொட்டாள்.

தேவராஜ் கடைசி ஒன்றரை வருடப் படங்களுக்குப் போனார். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்தவை. அவற்றை அவர் நூறு தடவை நகல் எடுத்திருக்கிறார். இன்றைக்கு, ஒரு லாட் துணியைப் பரிசோதிப்பதுபோல, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் பரப்பி வைத்துப் பார்த்தார்.

சித்திரையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், முழுக்கை ஜாக்கெட். வைகாசி விசாகம், முழுக்கை. பவானி கூடுதுறையில் எல்லோரும் குளித்து ஈரமாக நிற்கிறார்கள். இவள் மட்டும் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டு. ஒரு பிறந்தநாள் படத்தில் கேக்கை நீட்டும்போது முழுக்கை மேலே ஏறியிருந்தது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு மஞ்சள். ஜன்னல் திரையின் நிறம் கையில் விழுந்திருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். படத்தைப் பெரிதாக்கினார். திரை ஊதா நிறம். ஊதாத் திரை மஞ்சளை விழவைக்காது. ஓரத்தில் பச்சை கலங்கிய அந்த மஞ்சள், கன்றிப்போன காயம் பழுக்கும்போது வருகிற மஞ்சள். அதற்கு நான்கு விரல் அகலம் இருந்தது.

"ஷேடு பாக்கறவன்" என்றார் தேவராஜ். "முப்பது வருசமா ஊரான் துணிக்கெல்லாம் ஷேடு பாக்கறேன். இதைப் பாக்கலையே சுகந்தி."

அந்தப் போன் அவருக்கு ஞாபகம் வந்தது. மாசி மாதம். 'அப்பா, ஒரு பத்து நாள் அங்க வந்து இருக்கட்டுங்களா?' என்று கேட்டாள். மாப்ள என்ன சொல்றாரு என்று இவர் கேட்டார். அவள் போனை வைத்துவிட்டாள். வந்தாள். மூன்றாம் நாள் தர்ஷன் வந்து வாசலில் நின்றபோது, முறுக்கு டப்பாவைக் கையில் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தவர் இவர்தான்.

"எங்கிட்டயும் சொன்னா" என்றாள் சுகந்தி. "'எம்போனை அவரு தெனமும் வாங்கிப் பாக்கறாரும்மா'ன்னா. பிரியத்துல பாக்கறாருன்னு நெனச்சேன். அதையே சொன்னேன் அவகிட்ட."

பிறகு சுகந்தி மூக்கைச் சிந்தி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இதை அழிச்சுப்போடுங்க."

"இது ஒண்ணுதான் மிச்சம் சுகந்தி. எங்கியாவது ஒளிச்சு வெக்கலாம். நெட்ல சேராம நாம வெச்சிருந்தா குத்தமில்லைன்னு அந்தப் புள்ள ஆபீஸ்ல ஒட்டியிருந்த போர்டுலயே எழுதியிருந்துச்சு."

"சாயங்காலம் அவன் வருவான். கால்ல விழுவான். அழுவான். நீங்க குடுத்துருவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னது உண்மை.

"ஒரு தடவை கடைசியா எல்லாத்தையும்…"

"வேண்டாங்க. பாத்தா மனசு வராது. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையாச்சும் இந்தத் தடவை செய்வோம்."

லேபில் மாதிரித் துணிகளுக்குச் சாயம் ஏற்றும் சிறு மிஷின் ஒன்று உண்டு. இரும்புக் குப்பிக்குள் துணித்துண்டையும் சாயத்தையும் போட்டு மூடினால் நூற்று முப்பது டிகிரியில் சுழற்றும். தப்பாகப் போன சாயத்தை உரித்தெடுக்க காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் சேர்த்து ஓட்டுவார்கள். தேவராஜ் பென் டிரைவின் உறையைக் கழற்றி, உள்ளே இருந்த சில்லைக் குறடால் இரண்டாக உடைத்து, குப்பியில் போட்டார். காஸ்டிக்கை வழக்கத்தைவிட மூன்று பங்கு அதிகமாக அளந்து ஊற்றினார். மூடியைத் திருகினார். சுகந்தி தன் கையை அதன்மேல் வைத்து, இருவருமாக இறுக்கினார்கள். மிஷின் ஒரு மணி நேரம் சுழன்றது. அது நிற்கும்வரை, துணி வெளுக்கக் காத்திருப்பவர்களைப் போல, ஸ்டூலில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். திறந்தபோது கறுப்புத் தண்ணீரும், எதுவென்று சொல்ல முடியாத ஒரு கட்டியும் இருந்தன.

ஐந்து மணிக்கு தர்ஷன் வந்தான். சவரம் செய்யாத முகம். செருப்பைக் கழற்றாமலே ஹாலுக்குள் வந்தான்.

"குடுங்க மாமா."

"உக்காருங்க மாப்ள. காபி சாப்பிடறீங்களா?"

"மொதல்ல அந்த பென் டிரைவ். எல்லாம்கூட வேண்டாம் மாமா. ஒரே ஒரு படம் போதும். நேரா பாத்து எடுத்தது. நெத்தியும் காதும் தெளிவாத் தெரியோணும்."

பெண்டாட்டியின் ஞாபகத்துக்குப் படம் கேட்கிறவனுக்குக் காது எதற்கு? தேவராஜின் மனதில் ஏதாவது ஒரு மூலையில் சந்தேகம் மிச்சமிருந்திருந்தால் அதுவும் அப்போது போய்விட்டது.

"மன்னிச்சுக்குங்க மாப்ள. மனசு கேக்காம சொருகிப் பாத்துட்டேன். அதுவும் மாறிப்போச்சு. கோபத்துல காஸ்டிக்ல போட்டுப்போட்டேன்."

வாழ்க்கையில் அவர் சொன்ன பெரிய பொய் அது. திக்காமல் வந்தது.

தர்ஷன் அவரையே பார்த்தான். இரண்டு வருடமாக அந்த வீட்டில் இருந்த பையன் மெல்ல மெல்ல வடிந்து, வேறொருவன் அங்கே நின்றான். சட்டென்று தேவராஜின் கையைப் பிடித்தான். மணிக்கட்டுக்குச் சற்று மேலே.

"தொடாதேன்னு சொன்னனில்ல? அறிவிருக்குதாய்யா உனக்கு? அவ சாகல, தெரியுமா? உசுரோட இருக்கறா! என்னை ரெண்டு வருசமா முட்டாளாக்கி வெச்சிருக்கறா!"

சுகந்தி தண்ணீர்ச் சொம்போடு சமையலறை வாசலில் நின்றாள்.

"உசுரோட இருக்கறாளா?" என்று கேட்டாள். "பொண்டாட்டி உசுரோட இருக்கறான்னா சந்தோசமாச் சொல்லோணும். நீங்க ஏன் மாப்ள இப்படிச் சொல்றீங்க?"

தர்ஷன் கையை விட்டான். சுகந்தி சொம்பை மேஜையில் வைத்துவிட்டு, வாசல் கதவை அகலத் திறந்தாள். எதிர்வீட்டு முருங்கை மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தர்ஷன் போனான். அதன்பின் அவன் அந்த வாசலை மிதிக்கவில்லை.

மறுநாள் தேவராஜ் ஷாஹிதாவிடம் போய், ஏழாம் பிரிவு முகத்தை ஒருவன் கேட்டு வந்தான் என்று கைப்பட எழுதிக்கொடுத்தார். தன் கையில் பதிந்திருந்த நான்கு விரல் தடத்தையும் காட்டினார். அவள் படமெடுத்துக் கோப்பில் சேர்த்தாள். பிறகு போலீஸ், விசாரணை, கோர்ட்டு என்று நடந்தது. தர்ஷனின் அறையில் தேடல் செய்து கொடுக்கும் ஆட்களோடு அவன் வைத்திருந்த இரண்டு வருடக் கடிதப் போக்குவரத்து கிடைத்தது. இந்த வீட்டிலிருந்து அவன் அனுப்பிக்கொண்ட படங்களெல்லாம் அங்கேதான் போயிருந்தன. சாட்சிக் கூண்டில் அதைக் கேட்டபோது தேவராஜ் தலை குனிந்துகொண்டார். மிருதுளா கோர்ட்டுக்கு வரவில்லை. வர வேண்டியதில்லை என்று சட்டம் சொன்னது. தர்ஷன் அவளை எந்த வகையிலும் தேடக்கூடாதென்று தீர்ப்பானது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. தேவராஜுக்கு முதல் சில வாரம் கை பரபரத்தது. பிறகு காய்கறி வாங்கப் போக ஆரம்பித்தார்.

தை மாதத்தில் ஒரு நாள் மதியம், அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, போனில் ஒரு கடிதம் வந்தது. பதிவகத்திலிருந்து. திறக்கும்போது பயமாகத்தான் இருந்தது.

'உங்கள் முகம் உள்ள படம் ஒன்றைத் தமது நகல் சேமிப்பில் வைத்துக்கொள்ள ஒருவர் உங்களிடம் அனுமதி கோருகிறார். சட்டப்படி விண்ணப்பதாரரின் பெயரும் இருப்பிடமும் தெரிவிக்கப்படாது. கோரும் காலம்: வாழ்நாள் முழுவதும். படத்தைப் பார்க்க இங்கே தொடவும்.'

தொட்டார்.

ரயில் பெட்டி. ஜன்னலோர இருக்கையில் தேவராஜ் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. தலைமுடியில் இன்னும் கறுப்பு இருந்தது. மடியில் ஒரு புதுப் பை. விழுந்துவிடாமல் தூக்கத்திலும் இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்திருந்தார். திருச்சிக் கல்லூரி விடுதியில் மிருதுளாவைச் சேர்க்கப் போன நாள். எதிர் இருக்கையில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

இந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை. மிருதுளாவின் முகம் இருக்கும் படங்களைத்தான் உலகமெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார். இதில் அவள் முகம் இல்லை.

"என்னுங்க?" என்றாள் சுகந்தி, கையில் ரசக் கரண்டியோடு.

அவர் போனை நீட்டினார். அவள் கடிதத்தை எழுத்துக் கூட்டுவதுபோல நிதானமாகப் படித்தாள். படத்தைப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"வாயப் பொளந்துக்கிட்டு! ஈ போனாக்கூடத் தெரியாது. எத்தனையோ நல்ல படம் இருக்கையில, இதைப் போயி வெச்சிருக்கறா பாருங்க."

"அழுத்தட்டா?"

"இது ஒரு கேள்வியா? சோத்துக் கையோட அழுத்தாதீங்க, கழுவிட்டு வாங்க."

தேவராஜ் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். வேட்டியில் நன்றாகத் துடைத்தார். 'அனுமதிக்கிறேன்' என்ற இடத்தில் கட்டைவிரலை வைத்து, மிஷின் போதும் என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தார்.

'அனுமதி பதிவாகியது. விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கப்பட்டது.'

இருவரும் அந்த இரண்டாவது வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்நேரம் அவளுக்குத் தெரிந்திருக்கும். எங்கேயோ ஒரு ஊரில், மதியச் சாப்பாட்டு வேளையில், தன் கையிலிருக்கும் போனை அவள் இப்போது பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அப்பன் படத்தை மட்டும் கேட்டிருக்கறா" என்று சுகந்தி மெதுவாகச் சொன்னாள். "ஆனா பரவால்ல. நல்லா இருக்கட்டும்."

சமையலறையில், அரிசி டப்பாவின் மேல் வைத்திருந்த சுகந்தியின் போனிலும் கடிதம் வந்த மணி அடித்தது.